கெரவலப்பிட்டி வாயுவும் நீர்கொழும்பு வலையும்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் கடைசி நாளை நம்மவர் எவரும் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். நாடெங்கும் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்ட நாள் அது. கொழும்பில் ஒரு சிறிய அறையில், மெழுகுதிரியின் முன்னே வியர்வை வழிய அமர்ந்திருந்த நானும் அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். எந்த நாட்டிலிருந்தாயினும் சரி, எந்த விலையாயினும் சரி, எரிவாயு வரட்டும். கடலிலே ஒரு முனையம் அமைப்பதற்கு இத்தனை வாதங்களும் வழக்குகளும் எதற்கு? இவ்வாறு எண்ணியவன் நான் ஒருவன் மட்டுமல்லன். இருளில் இருப்பவன் விளக்கின் விலையை விசாரிப்பதில்லை.

இப்பொழுது விளக்கு எரிகிறது. விலையை விசாரிப்பதற்கு ஏற்ற காலம் இதுவே. அன்று நான் அவசரப்பட்டு அடைந்த முடிவை மீண்டும் ஒருமுறை ஆராய்ந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணத்தினாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கொழும்புக்கு வடக்கே, களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தைக் கடந்து சில கல் தொலைவு சென்றால் கெரவலப்பிட்டி வரும். முத்துராஜவல என்னும் பெருஞ் சதுப்பு நிலத்தின் தென்கோடி அது. கடல்மணலை இறைத்து மேடாக்கிய அந்நிலத்தில் இரண்டு மின்நிலையங்கள் நிற்கின்றன. 2010 ஆம் ஆண்டில் நிறைவுபெற்ற யுகதனவி 300 மெகாவாற்று வலுவுடையது. அடுத்ததாகிய சோபாதனவி 350 மெகாவாற்று வலுவுக்கென வகுக்கப்பட்டு, 2024 ஆம் ஆண்டில் முதற்கட்டமாக மின்வழங்கத் தொடங்கியது. இரண்டுமே ஒரு நாள் இயற்கை வாயுவில் இயங்கும் என்ற நம்பிக்கையோடு கட்டப்பட்டவை. அந்த நாள் இன்னும் வந்தபாடில்லை. வாயுவுக்கென வாங்கிய சுழலிகள் எண்ணெயைக் குடித்துக்கொண்டு காத்திருக்கின்றன. கோடிக்கணக்கில் முதலிட்ட இயந்திரங்கள் இவ்வாறு காத்திருக்கும்போது, முனையம் ஒன்று வேண்டும் என்ற குரல் மீண்டும் மீண்டும் எழவே செய்யும். எனவே இது முடிந்துபோன ஒரு விவகாரம் அன்று.

நடந்தது என்ன?

2021 ஆம் ஆண்டு செப்டெம்பர் 17 ஆம் திகதி, அமெரிக்காவின் நியூ போட்ரெஸ் எனேர்ஜி என்னும் நிறுவனத்தோடு அரசாங்கம் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டது. யுகதனவியின் உரிமைக் கம்பனியில் திறைசேரிக்கு இருந்த 40 சதவீதப் பங்கை 25 கோடி டொலருக்குக் கையளிப்பது அதன் ஒரு பகுதி. கெரவலப்பிட்டிக் கரைக்கு அப்பால் மிதக்கும் முனையம் ஒன்றை அமைத்து வாயு வழங்கும் உரிமையை அந்நிறுவனத்துக்கு அளிப்பது மறுபகுதி. நள்ளிரவிலே இரகசியமாகச் செய்த ஒப்பந்தம் என்று எதிர்க்கட்சிகள் சாடின. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் குவிந்தன. அமைச்சரவைக்கு உள்ளேயே பிளவு தோன்றியது. அரசாங்கத்தை வெளிப்படையாகக் குறைகூறிய விமல் வீரவன்சவும் உதய கம்மன்பிலவும் 2022 மார்ச்சில் அமைச்சுப் பதவியை இழந்தனர். இறுதியில் நாடு வங்குரோத்தாகியது; முனையமும் வரவில்லை.

அந்நாட்களின் பத்திரிகைகளை அண்மையில் மறுபடி புரட்டிப் பார்த்தேன். பங்கின் விலை நியாயமானதா, விலைமனுக் கோரப்பட்டதா, வாயு வழங்கும் ஏகபோகம் பிறநாட்டவர் கைக்குப் போகலாமா என்ற வினாக்களே பக்கங்களை நிறைத்திருந்தன. அவை அனைத்தும் கேட்கப்படவேண்டிய வினாக்கள்தாம். ஆனால் அம்முனையம் நிற்கவிருந்த கடலில் எத்தனை படகுகள் தொழில் செய்கின்றன, எந்த மாதத்தில் எந்த மீன் அங்கே வருகின்றது, அப்படகுகள் பிறகு எங்கே போவது என்ற வினாக்கள் ஓரத்திலேயே ஒதுங்கிக் கிடந்தன. ஒப்பந்தத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அந்தக் கடலை ஒரு வெற்றிடமாகவே கருதிப் பேசினார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

முனையம் செய்யும் வேலை

இயற்கை வாயுவைச் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 162 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தால் அது திரவமாகி, தன் கனவளவில் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகின்றது. சுருங்கிய அத்திரவத்தைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுவரலாம். வந்துசேர்ந்த இடத்தில் அதனை மறுபடி வாயுவாக்குவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் காசில்லாமல் தருவது கடல். மிதக்கும் முனையமாகிய கப்பல், மணிக்கு ஆயிரக்கணக்கான கன மீற்றர் கடல்நீரை உறிஞ்சி, அதன் வெப்பத்தைத் திரவத்துக்குக் கொடுத்து, ஏறத்தாழ 7 பாகை குளிர்ந்துபோன நீரைத் திரும்பவும் கடலிலே விடுகின்றது. குழாய்களில் பாசியும் சிப்பியும் படியாதிருக்க நீரிலே குளோரீன் சேர்க்கப்படுகின்றது. வாயுவில் ஒரு சிறு பங்கை எரித்து வெப்பமூட்டும் வேறொரு முறையும் உண்டு. ஆனால் அது செலவு மிக்கது. ஆகவே எம்முடையவை போன்ற வெப்பக் கடல்களில் கடல்நீர் முறையையே கம்பனிகள் விரும்புகின்றன.

உறிஞ்சப்படும் நீர் வெறும் நீரன்று. மீன் முட்டைகளும் கண்ணுக்குப் புலப்படாத குஞ்சுகளும் அதில் மிதக்கின்றன. நீர்கொழும்புக் களப்பின் இறாலை எடுத்துக்கொள்வோம். அது களப்பிலே வளர்வதாயினும் பிறப்பது கடலில். கடலிற் பொரித்த குஞ்சுகள் அலையோடும் வற்றுப்பெருக்கோடும் அள்ளுண்டு வந்து களப்பின் வாயினுள் நுழைந்து, அங்கே கண்டற் செடிகளின் நிழலிலும் கடற்புல்லின் இடையிலும் வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. அவ்வழியில் நீர் உறிஞ்சும் பெருங்குழாய் ஒன்று அமையுமானால் அதன் விளைவு களப்பில் வலைவீசுபவனின் கூடையிலே தெரியும். எவ்வளவு தெரியும் என்பது முனையம் நிற்கும் இடத்தையும், நீரோட்டத்தையும், பருவத்தையும் பொறுத்தது. அதனை முன்கூட்டி அளந்தாலன்றிப் பின்னர் எவராலும் நிரூபிக்க முடியாது.

அடுத்தது இடம். கடலில் நிறுவப்படும் அமைப்புகளைச் சுற்றி 500 மீற்றர் வரை பாதுகாப்பு வலயம் வகுப்பதற்குச் சர்வதேசக் கடற் சட்டம் இடமளிக்கின்றது. 500 மீற்றர் ஆரையுடைய வட்டம் ஏறக்குறைய 78 ஹெக்டேயர் பரப்பாகும். அதனுடன் வாயுக் கப்பல்கள் வந்துபோகும் பாதையையும், கடலடியில் கரைவரை கிடக்கும் குழாயையும் கூட்டவேண்டும். பெருங்கடலிலே இஃதொரு துளி என்று அதிகாரிகள் கூறக்கூடும். சிறுபடகுக்காரனுக்குப் பெருங்கடல் இல்லை. எரிபொருளும் இயந்திர வலுவும் அனுமதிக்கும் சில கடல்மைல்களே அவனுடைய கடல். அதற்குள்ளும் மீன் தங்கும் பார்கள் ஒருசிலவே.

வெடிவிபத்து அச்சமும் பலருக்கு உண்டு. அல்ஜீரியாவின் ஸ்கிக்டா நகரில் 2004 சனவரியில் நேர்ந்த வெடிப்பில் 27 பேர் மாண்டனர். அமெரிக்காவின் டெக்சாஸ் கரையிலுள்ள பிறீபோட் நிலையத்தில் 2022 சூன் மாதம் பெருந்தீ எழுந்து பல மாதங்கள் வேலை நின்றது. ஆயினும் இத்தகைய விபத்துகள் அரியவை; அவற்றைக் காட்டி மக்களை வெருட்டுவது என் நோக்கமன்று. என்றோ ஒருநாள் நேரக்கூடிய தீயைக் காட்டிலும், நாள்தோறும் சிறிது சிறிதாக நேர்ந்து எந்தப் பதிவேட்டிலும் ஏறாத இழப்பையே நான் பெரிதாகக் கருதுகின்றேன்.

அந்தக் கடலின் பழைய கணக்கு

இக்கடல் ஏற்கனவே பல சுமைகளைச் சுமந்திருக்கின்றது. கொழும்புத் துறைமுக நகரின் 269 ஹெக்டேயர் நிலத்தை எழுப்புவதற்கு ஏறத்தாழ ஆறரைக் கோடி கன மீற்றர் மணல் கடலடியிலிருந்து அள்ளப்பட்டது. மீன் தங்கும் இடங்கள் கலங்கிப் போகின்றன என்று 2016 ஆம் ஆண்டில் நீர்கொழும்பு மீனவரும் கத்தோலிக்கக் குருமாரும் உண்ணாவிரதம் இருந்தனர்.

பின்னர் 2021 மே 20 ஆம் திகதி எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்களோடு கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த அக்கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலமும், ஆயிரத்தைந்நூறு தொன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்திக் மணிகளும் இருந்தன. சூன் மாதத் தொடக்கத்தில் அது கடலில் அமிழ்ந்தது. நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. நீர்கொழும்பு முதல் களுத்துறை வரை மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. தடை நீங்கிய பின்னரும் மேற்குக்கரை மீனை வாங்குவதற்கு மக்கள் அஞ்சினார்கள்.

வாசகர்கள் இங்கே திகதிகளைச் சற்றுக் கவனிக்கவேண்டும். கப்பல் எரிந்தது மே மாதத்தில். முனைய ஒப்பந்தம் கைச்சாத்தானது செப்டெம்பரில். இடையே நான்கு மாதங்கள். கரையிலே பிளாஸ்திக் மணிகளைச் சல்லடையால் அரித்துக்கொண்டிருந்த வேளையிலேயே, அதே கடலின்மேல் இன்னொரு கைத்தொழிலை நிறுத்துவதற்குக் கையொப்பம் இடப்பட்டது.

சில காலத்துக்கு முன்னர் உஸ்வெட்டகெய்யாவக் கரையில் மாலைப்பொழுதில் நடந்தபோது, மணலைக் காலாற் கிளறிப் பார்த்தேன். வெண்ணிறப் பிளாஸ்திக் மணிகள் இரண்டு மூன்று கையில் அகப்பட்டன. வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அதைக் கண்டு சிரித்தார். நீர்கொழும்பைச் சேர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசினார். எரிவாயு முனையம் பற்றி அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றோ வேண்டும் என்றோ அவர் சொல்லவில்லை. “ஐயா, கப்பல் எரிந்த பிறகு எங்கள் வலையையும் படகையும் எண்ண வந்தார்கள். எரிவதற்கு முன்னே எவ்வளவு மீன் பட்டது என்று கேட்டார்கள். நாங்கள் சொன்னோம். அதற்கு எழுத்து எங்கே என்று கேட்டார்கள். எழுத்துக்கு நாங்கள் எங்கே போவது?” என்றார்.

அவர் சொன்னதை நான் பல நாட்கள் எண்ணிக்கொண்டிருந்தேன். எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கிலே உயர் நீதிமன்றம் 2025 சூலை 24 ஆம் திகதி தீர்ப்பளித்தது. நூறு கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு கப்பற் கம்பனிக்குக் கட்டளையிட்டது. நேர்மையும் துணிவும் உள்ள தீர்ப்பு அது. ஆனால் அத்தொகையைச் செலுத்தப்போவதில்லை என்று கம்பனி அதே ஆண்டு செப்டெம்பரில் அறிவித்தது. நாடெல்லாம் பார்த்திருக்க எரிந்த கப்பலுக்கே நட்டஈடு நான்காண்டு கழித்துத் தீர்ப்பாகி, அதன் பின்னும் கைக்கு எட்டாதிருக்குமானால், மெல்ல மெல்லக் குளிர்ந்த நீரால் இறாற்குஞ்சு குறைந்தது என்று ஒரு மீனவன் யாரிடம் போய் வழக்குரைப்பான்?

பிறர் கண்ட அனுபவம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிறிப் பொயின்ற் என்னும் கரையோரத்தில் இதேபோன்ற மிதக்கும் முனையம் ஒன்றை அமைக்க ஒரு கம்பனி முயன்றது. வெஸ்ரேண் போட் விரிகுடா அது. சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. நாளொன்றுக்கு 46 கோடி லீற்றருக்கும் மேற்பட்ட கடல்நீரை எடுத்துக் குளிர்வித்துக் குளோரீனோடு திருப்பி விடுவது திட்டம். அரசாங்கம் முதலிலே சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கோரியது. கம்பனி அதைத் தயாரித்து ஊரார் முன் வைத்தது. ஆயிரக்கணக்கானோர் கருத்து எழுதினர். 2020 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் வாரக்கணக்காகப் பகிரங்க விசாரணை நடந்தது. ஈரநிலத்துக்கு நேரும் பாதிப்பு ஏற்கத்தக்கதன்று என்று 2021 மார்ச் இறுதியில் அமைச்சர் தீர்மானித்தார், திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் மறுத்தார்கள் என்பதைவிட, மறுப்பதா ஏற்பதா என்று முடிவுசெய்வதற்கு முன்னர் அளந்தார்கள் என்பதே எமக்குப் பாடமாகும்.

எமக்கு அண்மையில் உள்ள பங்களாதேஷின் கதை வேறு. மகேஷ்காலித் தீவுக்கு அப்பால் 2018 இலும் 2019 இலும் இரண்டு மிதக்கும் முனையங்கள் தொழிற்படத் தொடங்கின. நாட்டின் எரிவாயுத் தேவையில் ஒரு பெரும்பகுதி அவற்றை நம்பியிருக்கின்றது. வங்காள விரிகுடாவோ சூறாவளிகளின் பிறப்பிடம். 2023 மே மாதம் மோக்கா புயல் வந்தபோது இரண்டும் நிறுத்தப்பட்டு, சிட்டகொங் நகரத்து அடுப்புகள் அணைந்தன. 2024 மே மாதம் றேமால் புயலில் மிதந்து வந்த ஓர் இரும்பு மிதவை மோதி ஒரு முனையம் சேதமுற்றது. திருத்தி மீட்பதற்குப் பல மாதங்கள் சென்றன. வாயுவின் விலையும் அவ்வாறே புயலிற் சிக்கியது. 2020 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஆசியச் சந்தையில் ஓர் அலகு இரண்டு டொலருக்கும் கீழே விற்ற திரவ வாயு, இரஷ்ய உக்ரேன் யுத்தத்தின் பின் 2022 ஆகஸ்டில் அறுபது டொலரையும் தாண்டியது. பங்களாதேஷ் சில்லறைக் கொள்வனவையே நிறுத்தியது. பாகிஸ்தான் விலைமனுக் கோரியபோது விற்க ஒருவர்தாமும் முன்வரவில்லை. செல்வந்த நாடுகள் கப்பல்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டன. 2021 இன் திட்டப்படி எம்முடைய முனையம் அமைந்திருந்தாலும், டொலர் இல்லாத நாம் அந்த விலைக்கு வாயு வாங்கியிருக்க முடியுமா? மெழுகுதிரியின் முன்னிருந்து நான் வேண்டிய வரம் கிடைத்திருந்தாலும் என் அறையின் இருள் நீங்கியிராது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

கொச்சிக்கு அருகேயுள்ள புதுவைப்பு முனையம் வேறொன்றைக் கற்பிக்கின்றது. ஆண்டுக்கு 50 இலட்சம் தொன் கொள்ளளவோடு 2013 இல் அது இயங்கத் தொடங்கியது. ஆனால் மங்களூருக்கு வாயு கொண்டுசெல்லும் குழாய்வழி 2021 சனவரியிலேதான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அம்முனையத்தின் பெரும்பகுதி வேலையின்றிக் கிடந்தது. மின்நிலையத்தை முதலிற் கட்டிவிட்டு வாயுவைத் தேடுகின்ற எமக்கும், முனையத்தை முதலிற் கட்டிவிட்டுக் குழாயைத் தேடிய அவர்களுக்கும் அதிக வேறுபாடு இல்லை.

மறுபக்கத்து நியாயம்

வாயுவை வேண்டுவோரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கெரவலப்பிட்டியில் இப்பொழுது எரிவது எண்ணெய். அதன் புகையைச் சுவாசிப்பவர்களும் அதே கரையோர மக்களே. புகைபோக்கியில் வெளியாகும் கந்தகமும் கரியும் வாயுவில் மிகக் குறைவு. மேகம் மறைத்தால் சூரிய ஒளி குறையும். காற்று ஓய்ந்தால் காற்றாலை நிற்கும். அவ்வேளைகளில் விரைவாக எழுந்து கைகொடுக்க ஒரு மின்நிலையம் வேண்டும் என்று பொறியியலாளர் கூறுவதும் உண்மையே. மீனவனின் வீட்டிலும் மின்விளக்கு எரிகின்றது. அவன் மீனுக்கு வேண்டிய பனிக்கட்டியும் மின்சாரத்தாலேயே உறைகின்றது.

ஆயினும் இந்நியாயத்துக்கும் எல்லை உண்டு. எரியாமல் கசியும் மெதேன், இருபதாண்டுக் கணக்கிலே, கரியமில வாயுவைக் காட்டிலும் எண்பது மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. கிணற்றிலிருந்து அடுப்புவரை உள்ள நெடும்பாதையில் அது கசியும் இடங்கள் பல. அன்றியும், 2030 ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவோம் என்பது எம் அரசாங்கங்கள் அறிவித்த கொள்கை. மிதக்கும் முனையங்களோ பத்து, பதினைந்து ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்படுபவை. வாயு வந்தாலும் வராவிட்டாலும் வாடகை கொடுக்கவேண்டும். ஒரு கையால் சூரியனை வரவேற்று மறுகையால் நீண்டகாலக் குத்தகையில் ஒப்பமிடுவது எப்படி ஒத்துவரும் என்பதை ஆட்சியாளரே விளக்கவேண்டும்.

செய்யத்தக்கது

முனையம் வருமா வராதா என்பதை நான் தீர்மானிக்கப் போவதில்லை. கொச்சியிலிருந்து கொள்கலன் தாங்கிகளில் வாயுவைக் கொண்டுவரும் யோசனையும் பேசப்பட்டிருக்கின்றது. 2011 ஆம் ஆண்டில் மன்னார்ப் படுக்கையில் வாயு கண்டுபிடிக்கப்பட்டதும் வாசகர் அறிந்ததே; அது ஒரு நாள் எடுக்கப்படுமாயின் இதே கேள்வி எம் வடமேற்குக் கரை மீனவரின் வாசலுக்கும் வரும். எவ்வழியில் வந்தாலும், ஒப்பந்தத்தில் மை படுவதற்கு முன்னே கடலின் கணக்கு எழுதப்படவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அது பெரும் பணம் விழுங்கும் வேலையன்று. பருவந்தோறும் அக்கடலில் எத்தனை படகுகள், எந்த வலைகளோடு, எங்கே தொழில் செய்கின்றன, என்ன மீன் எவ்வளவு படுகின்றது என்பதை ஈராண்டுக் காலம் மீனவர் சங்கங்களோடு சேர்ந்து பதிவுசெய்யலாம். களப்பினுள் நுழையும் இறாற்குஞ்சுகளை அளக்கலாம். நீரின் வெப்பத்தையும் ஓட்டத்தையும் எழுதிவைக்கலாம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைச் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிட்டு, விசாரணையைக் கொழும்பு மண்டபத்தில் நடத்தாமல் நீர்கொழும்பிலும் பமுனுகமவிலும் நடத்தலாம். நட்டஈட்டுக்கான பணத்தை வேலை தொடங்குமுன்னரே கம்பனியிடமிருந்து வாங்கி வைப்பிலிடலாம். எக்ஸ்பிரஸ் பேர்ள் கற்பித்த பாடம் அதுவே. இவற்றுக்குப் பின்னரும் முனையம் வேண்டும் என்று நாடு தீர்மானித்தால், எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்பதையாவது அறிந்து பெறுவோம்.

அன்று கரையில் கண்ட முதியவர் விடைபெறும்போது என் கையிலிருந்த பிளாஸ்திக் மணிகளைக் கேட்டு வாங்கினார். வலை பொத்தும் நூல் வைத்திருந்த பழைய பால்மாத் தகரத்தைத் திறந்து, அதற்குள் இருந்த ஒரு சிறு பொட்டலத்தில் அவற்றையும் போட்டு மூடினார். அதில் முன்னரே பல மணிகள் இருந்தன. எதற்காக என்று கேட்டேன். எழுத்து கேட்பவர்கள் மறுபடியும் வந்தால் காட்டுவதற்கு என்றார்.